கொடைக்கானல்ல வீடு புக் பண்றீங்களா, காசு அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு அஞ்சு நிமிஷம்

எங்க குடும்பத்துல டூர்னாலே வீடு தேடுறது, பேசுறது, காசு கட்டுறது எல்லாம் என் பொறுப்பு தான். மதுரையில இருந்து கொடைக்கானல் பக்கம், பெரியவங்க சின்னவங்கன்னு பதினாலு பேரு, ஹோட்டல்ல நாலு ரூம் போட்டா கட்டுப்படியாகாது, அதனால எப்பவுமே முழு வீடா எடுத்துருவோம், கிச்சன் இருக்கும், அத்தை அவங்க கையால ரசம் வச்சுருவாங்க, பசங்களுக்கு ஓட இடம் இருக்கும். இப்படி அட்டுவம்பட்டி, பெருமாள்மலை, பூம்பாறை, மன்னவனூர்னு நிறைய எடுத்தாச்சு. ஒரு தடவ 9,000 ரூபா பறிகொடுத்துருக்கோம். அதனால தான் இத எழுதுறேன், சீசன் வரப்போகுது, எல்லாரும் அவசரத்துல காசு அனுப்புவீங்க.

முதல்ல ஒரு விஷயம். ஜிபேயா போன்பேயா கார்டா நெட் பேங்கிங்கான்னு தான் எல்லாரும் கேக்குறாங்க, நான் அத ரெண்டாவதா தான் பாப்பேன். நீங்க காசு கட்டுன நிமிஷத்துல இருந்து அந்த வீட்டுச் சாவி உங்க கைக்கு வர்ற வரைக்கும் அந்தக் காசு யார்கிட்ட இருக்கு, ஏதாவது ஆச்சுன்னா அத யார்கிட்ட போய் கேக்க முடியும், இதுக்கு பதில் தெரிஞ்சா போதும். மத்ததெல்லாம் இதுல இருந்தே வந்துரும்.

எங்களுக்கு நடந்தத சொல்லிர்றேன். மே மாசம், ஃப்ளவர் ஷோ நேரம், எங்கயும் வீடு கிடைக்கல. ஒரு குரூப்ல ஒருத்தர் போட்டோ போட்டிருந்தாரு, மரப்படி, பெரிய கண்ணாடி ஜன்னல், வெளிய யூகலிப்டஸ் மரம், ரெண்டு நைட்டுக்கு 18,000 ரூபா, பாதி அட்வான்ஸ். வாட்ஸ்அப்ல மரியாதையா தான் பேசுனாரு, "அக்கா இன்னும் ரெண்டு ஃபேமிலி கேட்டுட்டு இருக்காங்க, நீங்க முதல்ல கேட்டதால உங்களுக்கு வச்சிருக்கேன்"னு. காசு அனுப்ப நம்பர போட்டதும் ஸ்க்ரீன்ல வந்த பேரு அவர் சொன்ன பேரு இல்ல, காட்டேஜ் பேரும் இல்ல. கேட்டேன். "எங்க மேனேஜர் அக்கவுண்ட் அக்கா"ன்னாரு. அனுப்பிட்டேன். மறுநாள் "திரும்பக் குடுக்குற டெபாசிட் 5,000 போடுங்க, அப்ப தான் சிஸ்டத்துல கன்ஃபர்ம் ஆகும்"னு மெசேஜ், அது மட்டும் எங்க வீட்டுக்காரர் வேண்டாம்னுட்டாரு, அங்க போய் குடுத்துக்கலாம்னு.

அட்டுவம்பட்டில அந்த வீட்டு வாசல்ல போய் நின்னோம். வீடு நிஜமாவே இருக்கு, அதே மரப்படி, அதே ஜன்னல். உள்ள வேற ஒரு குடும்பம் டீ குடிச்சுட்டு இருக்கு. வீட்ட பாத்துக்குற அக்கா கேட்டுக்கு வந்து என் போன வாங்கிப் பாத்துட்டு, "இது எங்க ஓனர் நம்பரே இல்லம்மா, போட்டோவ எடுத்துப் போட்டு ஏமாத்துறாங்க, இந்த மாசத்துல நீங்க மூணாவது குடும்பம்"னு சொன்னாங்க. மாமியார வண்டிக்குள்ள உக்கார வச்சுட்டு சாயங்காலம் ஆறரை மணில இருந்து மூணு மணி நேரம் ரூம் தேடுனோம். போன 9,000ஐ விட அந்த மூணு மணி நேரம் தான் இன்னும் மனசுல நிக்குது.

இப்ப ஒவ்வொரு வழியா வரேன்.

ஆப்ல புக் பண்றது, அதாவது ஏர்பிஎன்பி மாதிரி. தெரியாத வீடு, முதல் தடவ போறோம்னா என் வோட்டு எப்பவும் இதுக்கு தான், ஆயிரம் ரெண்டாயிரம் கூட ஆனாலும். ஏன்னா நீங்க இன்னைக்கு காசு கட்டுனாலும் ஏர்பிஎன்பி அத உடனே ஓனருக்கு குடுக்குறது இல்ல, நீங்க செக்இன் பண்ணி சுமார் 24 மணி நேரம் கழிச்சு தான் அவங்களுக்கு போகும். போய்ப் பாத்தா வீடே இல்ல, போட்டோல இருக்குறதுக்கும் நேர்ல இருக்குறதுக்கும் சம்பந்தமே இல்லன்னா, பாத்த உடனே போட்டோ எடுத்து ஆப்லயே கம்ப்ளைண்ட் பண்ணணும், 72 மணி நேரத்துக்குள்ள சொல்லணும்னு அவங்க ரூல், ஆனா நீங்க 72 மணி நேரம் காத்திருக்காதீங்க, வாசல்ல நிக்கும்போதே போடுங்க. இந்தப் பாதுகாப்பெல்லாம் காசு ஆப் வழியா போயிருந்தா மட்டும் தான். சில ஓனருங்க ஆப்ல பேசிட்டு இருக்கும்போதே "மேடம் வாட்ஸ்அப்ல வாங்க, நேரா குடுத்தா ரெண்டாயிரம் கம்மி பண்றேன்"னு சொல்வாங்க. அதுல நல்லவங்களும் இருக்காங்க, ஆப் கமிஷன மிச்சம் பண்ணப் பாக்குறாங்க, அவ்வளவு தான். ஆனா காசு வெளிய போன நிமிஷமே ஆப்காரங்களுக்கும் உங்களுக்கும் சம்பந்தம் இல்ல, ஏதாவது ஆனா "எங்க வழியா கட்டலயே"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுருவாங்க. நானா இருந்தா முதல் தடவ ஆப்லயே எடுத்துட்டு, வீடும் ஆளும் பிடிச்சிருந்தா அடுத்த வருஷம் நேரா பேசிக்குவேன்.

புக்கிங் டாட் காம்ல கொஞ்சம் வேற மாதிரி, சில வீட்டுக்கு இப்பவே கட்டணும், சில வீட்டுக்கு அங்க போய் கட்டணும், கார்டு டீடெயில் மட்டும் முன்னாடியே கேப்பாங்க. அங்க போய் கட்டுற மாதிரி இருந்தா நிம்மதி தான், ஆனா புக் பண்ணுன பிறகு "உங்க கார்ட வெரிஃபை பண்ணணும், 12 மணி நேரத்துல பண்ணலன்னா புக்கிங் கேன்சல்"னு ஒரு லிங்க் வரும், வாட்ஸ்அப்ல வரலாம், மெயில்ல வரலாம், சில நேரம் அந்த ஆப்போட சாட்லயே கூட வரும், ஏன்னா தங்குற இடத்தோட லாகின திருடிட்டு அதுக்குள்ள இருந்தே அனுப்புறாங்க. உங்க பேரு, தேதி, எத்தன பேரு எல்லாம் சரியா இருக்கும், அதனால நம்பிருவோம். அந்த லிங்க தொடாதீங்க. ஆப்ப நேரா ஓப்பன் பண்ணி, உங்க புக்கிங்ல நிஜமாவே காசு பாக்கி காட்டுதான்னு பாருங்க, காட்டலன்னா அந்த மெசேஜ் பொய். கஸ்டமர் கேர் நம்பரையும் கூகுள்ல தேடி எடுக்காதீங்க, போலி நம்பர் அங்க தான் நிறைய இருக்கு, ஆப்புக்குள்ள இருக்குற ஹெல்ப்ல இருந்து மட்டும் போங்க.

அடுத்து கார்டு. கிரெடிட் கார்டுல கட்டுறதுல ஒரு பெரிய நன்மை இருக்கு, நிறைய பேருக்கு தெரியல. காசு கட்டி வீடு குடுக்கலன்னா பேங்க்ல டிஸ்ப்யூட் போடலாம், சார்ஜ்பேக்னு சொல்வாங்க, வாங்குன சேவை கிடைக்கலன்னு ஆதாரத்தோட குடுத்தா உங்க பேங்க் காசு வாங்குனவங்களோட பேங்க்கிட்ட காசத் திரும்பக் கேக்கும். டெபிட் கார்டுக்கும் இது உண்டு, ஆனா டெபிட்ல உங்க சொந்தக் காசு முதல்லயே போயிருக்கும், கிரெடிட்ல பில் வர்றதுக்குள்ள சண்ட போடலாம், அது தான் வித்தியாசம். புக்கிங் கன்ஃபர்மேஷன், சாட், அங்க போய் எடுத்த போட்டோ எல்லாம் வேணும், லேட் பண்ணாம போடணும். சில இடத்துல "கார்டுன்னா 2% எக்ஸ்ட்ரா மேடம்"னு சொல்வாங்க, 18,000க்கு 360 ரூபா. தெரியாத இடம்னா நான் அந்த 360 குடுத்துட்டு கார்டுல தான் கட்டுவேன்.

கார்டுல செய்யக்கூடாதது ஒண்ணு இருக்கு, முன்னும் பின்னும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புறது. "மேனுவலா போட்டுக்கிறோம்"னு கேக்குறாங்க, நம்ம ஆளுங்க அனுப்பியும் வைக்கிறாங்க. நம்ம நாட்டு சைட்ல ஓடிபி இல்லாம காசு போகாதுன்னு தைரியமா இருக்காதீங்க, பல வெளிநாட்டு சைட்ல நம்பரும் பின்னாடி இருக்குற மூணு இலக்கமும் இருந்தா ஓடிபி கேக்காமலே எடுத்துருவாங்க. இதுக்கு ஒரு நல்ல ஏற்பாடு இருக்கு, பேங்க் ஆப்ல இன்டர்நேஷனல் யூசேஜ்னு ஒரு ஸ்விட்ச் இருக்கும், 2020க்கு அப்புறம் குடுத்த புதுக் கார்டுல அது ஆஃப்ல தான் வரும், நீங்களா ஆன் பண்ணுனா தான் உண்டு. வெளிநாட்டு வீடு புக் பண்ணும்போது மட்டும் ஆன் பண்ணிட்டு, முடிஞ்சதும் ஆஃப் பண்ணிருங்க. அப்படி வேற கரன்சில கட்டும்போது பெரும்பாலான கார்டுல 2ல இருந்து 3.5% வரைக்கும் மார்க்அப்னு கூடுதலா போடுவாங்க, அந்த மார்க்அப்புக்கு 18% ஜிஎஸ்டி வேற. "ரூபாயில காட்டட்டுமா, அந்த ஊரு காசுல காட்டட்டுமா"ன்னு சைட் கேட்டா அந்த ஊரு காசே எடுங்க, ரூபாய எடுத்தா அவங்க வச்ச ரேட்டு, அது பெரும்பாலும் நமக்கு நஷ்டம்.

இப்ப யூபிஐ, அதாவது ஜிபே, போன்பே. கொடைக்கானல்ல சின்ன ஹோம்ஸ்டே, தோட்ட வீடு எல்லாம் பெரும்பாலும் இப்படித் தான் கேப்பாங்க, அவங்ககிட்ட கார்டு மெஷின் கிடையாது. யூபிஐ ரொம்ப நல்ல விஷயம், சந்தேகமே இல்ல, ஆனா தனி ஆளுக்கு நீங்க பின் போட்டு அனுப்புன காசு கையில குடுத்த ரொக்கம் மாதிரி தான், கார்டுல சொன்ன சார்ஜ்பேக் மாதிரி இதுல வழி இல்ல. வாங்குனவர் மனசு வச்சா தான் திரும்ப வரும், இல்லன்னா போலீஸ் அத ஃப்ரீஸ் பண்ணணும்.

அதனால பின் போடுறதுக்கு முன்னாடி ஒரு இடத்துல நில்லுங்க. நம்பரோ க்யூஆரோ போட்டதும் மேல ஒரு பேரு வருதுல்ல, அது தான் இந்த மொத்த விஷயத்துலயும் முக்கியமான ஒரு வரி. போன்ல நீங்க சேவ் பண்ணி வச்சிருக்குற பேர பாக்காதீங்க, வாங்குறவரு தானா வச்சுக்கிட்ட பேரையும் பாக்காதீங்க, பேங்க்ல பதிவாகியிருக்குற பேரு தான் வேணும், 2025 ஜூன் கடைசியில இருந்து ஆப்கள் அத தான் காட்டணும்னு யூபிஐய நடத்துற என்பிசிஐ சொல்லிருச்சு. அந்தப் பேரு ஓனர் பேரா இருக்கணும், இல்ல அந்த வீட்டுப் பேரா இருக்கணும். வேற பேரு வந்தா "மேனேஜர் அக்கவுண்ட்", "தங்கச்சி அக்கவுண்ட்", "இன்னைக்கு என் அக்கவுண்ட் வேலை செய்யல" எதையும் ஏத்துக்காதீங்க. நிஜ ஓனரா இருந்தா சொந்த அக்கவுண்ட் நம்பர் குடுக்க அவருக்கு என்ன கஷ்டம். ஒரு ரூபா அனுப்பி டெஸ்ட் பண்றேன்னு சிலர் சொல்றாங்க, அதுல அக்கவுண்ட் உயிரோட இருக்குன்னு மட்டும் தான் தெரியும், ஆளு நல்லவரான்னு தெரியாது.

ஆள எப்படி உறுதி பண்றதுன்னா நான் இப்ப செய்யறது ஒரு வீடியோ கால். "அண்ணே, கொஞ்சம் கேட்ல இருந்து நடந்து உள்ள போய் கிச்சன் வரைக்கும் காட்டுங்க, பெரியவங்க வர்றாங்க, படி எத்தனன்னு பாக்கணும்"னு கேப்பேன். போன தடவ பூம்பாறைல ஒருத்தர், அங்க சிக்னல் பாதி இடத்துல கிடையாது, படம் நின்னு நின்னு வருது, அவரு போனத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே கேட்டத் திறந்து, காயப் போட்டிருந்த மலைப்பூண்டு தட்டத் தாண்டி, ஒவ்வொரு படியா எண்ணிக் காட்டுனாரு, ஏழு படி. அப்புறம் கீசர் சுவிட்ச போட்டு தண்ணி வர்ற வரைக்கும் நின்னு காட்டுனாரு. அவருக்கு நான் யோசிக்காம அட்வான்ஸ் அனுப்பினேன். திருட்டுப் போட்டோ வச்சிருக்கிறவரால இத செய்ய முடியாது, "நான் இப்ப வெளிய இருக்கேன், நாளைக்கு காட்டுறேன், ஆனா அட்வான்ஸ் இன்னைக்கே போடுங்க"ன்னு தான் சொல்லுவாரு. கூடவே மேப்ல அந்த வீட்ட தேடி, போர்டுல இருக்குற நம்பரும் உங்களுக்கு குடுத்த நம்பரும் ஒண்ணான்னு பாருங்க.

எவ்வளவு அட்வான்ஸ்? என் கணக்கு ஒரு நைட் வாடகைய தாண்டக்கூடாது, மூணு நைட்னாலும் ஒரு நைட் தான். மீதி போய் சாவி வாங்கி, ரூம் பாத்துட்டு. சீசன்ல 50% கேப்பாங்க, தெரிஞ்சவங்கன்னா குடுப்பேன். முழுசா முன்னாடியே கட்டுனா தான்னு சொல்ற இடத்த விட்டுருவேன், எவ்வளவு அழகா இருந்தாலும். அனுப்பும்போது குறிப்புல தேதியும் வீட்டுப் பேரும் போடுங்க, அனுப்பினதும் அவங்ககிட்ட இருந்து ஒரு மெசேஜ் வாங்கிருங்க, "மே 10, 11 ரெண்டு நைட், 14 பேரு, மொத்தம் இவ்வளவு, அட்வான்ஸ் வந்துச்சு, மீதி இவ்வளவு, இந்தத் தேதிக்குள்ள கேன்சல் பண்ணா இவ்வளவு திரும்ப". நாலு வரி போதும். அது இல்லாம அங்க போய் நின்னா "அது எட்டு பேருக்கு சொன்ன ரேட்டு, எக்ஸ்ட்ரா ஆளுக்கு 500"ன்னு ஆரம்பிக்கும், நடு ராத்திரில குளிர்ல யாரு சண்ட போடறது.

ரீஃபண்ட் விஷயத்துல தான் யூபிஐல நிறைய பேரு மாட்டுறாங்க. கேன்சல் பண்ணிட்டீங்க, "காசு திருப்பி அனுப்புறேன், இந்த க்யூஆர ஸ்கேன் பண்ணி பின் போடுங்க"ன்னு சொல்வாங்க. காசு வாங்குறதுக்கு பின்னே கிடையாது. காசு தர்றேன்னு சொல்லி பின் கேட்டா உங்ககிட்ட இருந்து காசு போகப் போகுதுன்னு அர்த்தம். வீட்ல அப்பா அம்மா போன்ல யூபிஐ இருந்தா அவங்களுக்கும் இத சொல்லி வைங்க.

பெரிய தொகைன்னா, ஒரு வாரத்துக்கு பங்களா மாதிரி, பேங்க் டிரான்ஸ்ஃபர் கேப்பாங்க. முன்னாடி நெஃப்ட்ல, அதாவது பேங்க் மூலமா அனுப்புறதுல, அக்கவுண்ட் நம்பர் மட்டும் சரியா இருந்தா பேரு என்ன போட்டாலும் போயிரும், இப்ப 2025ல இருந்து நெஃப்ட், ஆர்டிஜிஎஸ்ல அனுப்புறதுக்கு முன்னாடி அந்த அக்கவுண்ட் யார் பேர்ல இருக்குன்னு பாத்துக்கிற வசதி வந்திருச்சு, அத பாக்காம அனுப்பாதீங்க.

ரொக்கம் கொஞ்சம் கையில வச்சுக்கோங்க. டவுனத் தாண்டி மன்னவனூர், கவுஞ்சி பக்கம் போயிட்டா நெட் இல்லாம யூபிஐ சுத்திக்கிட்டே இருக்கும். வத்தலக்குண்டுலயே ஏடிஎம்ல எடுத்துட்டு ஏறிருங்க. ரொக்கமா குடுத்தா, குடுத்த உடனே அவங்க போன்ல இருந்து "இவ்வளவு வாங்கினேன்"னு ஒரு மெசேஜ் போடச் சொல்லுங்க, சாயங்காலம் சிக்னல் வந்ததும் வந்து சேரும்.

ஜிஎஸ்டி பத்தி. ஒரு நாள் வாடகை 7,500 வரைக்கும் இருந்தா 5%, அதுக்கு மேலன்னா 18%, 2025 செப்டம்பர் 22ல இருந்து இப்படி, முன்னாடி கீழ் ரேட்டு 12% இருந்துச்சு, பழைய ரேட்ட போட்டு கேட்டா சொல்லுங்க. சின்ன ஹோம்ஸ்டேக்கு ஜிஎஸ்டி ரிஜிஸ்ட்ரேஷனே இருக்காது, அப்ப அவங்க ஜிஎஸ்டின்னு தனியா வாங்கக் கூடாது. வாங்குனா அவங்க 15 எழுத்து ஜிஎஸ்டி நம்பரோட பில் கேளுங்க.

இ-பாஸையும், அதாவது வண்டில மலை ஏற ஆன்லைன்ல எடுக்குற அனுமதியையும், மறந்துராதீங்க, 2024 மே 7ல இருந்து கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் சொந்த வண்டில போறவங்களுக்கு அது வேணும்னு ஹைகோர்ட் உத்தரவு, 2025ல வண்டி எண்ணிக்கைக்கும் லிமிட் வச்சாங்க. அட்வான்ஸ் போடும்போதே "இ-பாஸ் கிடைக்கலன்னா தேதி மாத்தித் தருவீங்களா"ன்னு கேட்டு எழுத்துல வாங்கிருங்க. இ-பாஸ் இலவசம், அரசு சைட்ல நாமளே எடுக்கலாம், அதுக்கு யாராவது காசு கேட்டா குடுக்காதீங்க.

காசு போயிருச்சுன்னா? 1930க்கு, அது தான் சைபர் மோசடி புகார் நம்பர், உடனே அடிங்க. அட்வான்ஸ் வாங்குனவரு பிளாக் பண்ணிட்டாருன்னு தெரிஞ்ச அந்த நிமிஷமே, வீட்ல பேசி முடிவு பண்ணலாம்னு உக்காராதீங்க. அந்த நம்பர்ல சொன்னா காசு எந்தெந்த அக்கவுண்டுக்கு போயிருக்குன்னு பாத்து பேங்க்க வச்சு நிறுத்தப் பாப்பாங்க, எடுத்துட்டாங்கன்னா ஒண்ணும் பண்ண முடியாது. நாங்க டூர் முடிச்சு வந்து ரெண்டு நாள் கழிச்சு சொன்னோம், அதுக்குள்ள வேற அக்கவுண்டுக்கு மாத்தி எடுத்தாச்சு. ட்ரான்சாக்ஷன் நம்பர், 12 இலக்கம் இருக்கும், அந்த ஸ்க்ரீன்ஷாட், வாட்ஸ்அப் சாட் எதையும் அழிக்காதீங்க, சைபர் க்ரைம் போர்ட்டல்லயும் பதிவு பண்ணுங்க, பேங்க்குக்கும் தனியா சொல்லுங்க.

கடைசியா செக்யூரிட்டி டெபாசிட். 3,000, 5,000னு கேப்பாங்க, தப்பில்ல, ஆனா அத முன்னாடியே அனுப்பாதீங்க, சாவி வாங்கும்போது குடுங்க. உள்ள போன உடனே பைய வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு ரவுண்டு வீடியோ எடுங்க, டிவி, கண்ணாடி, கட்டில் கால், பாத்ரூம் குழாய், முன்னாடியே உடைஞ்சது எல்லாம் பாத்துக்குறவங்களுக்கே அனுப்பிருங்க. கிளம்புறப்ப "சாயங்காலம் போட்டு விடுறேன் சார், நீங்க கிளம்புங்க"ன்னு சொன்னா சிரிச்சுக்கிட்டே "பரவால்லண்ணே, ஒரு டீ குடிச்சுட்டு போறோம், போடுங்க"ன்னு உக்காந்துருங்க. பேங்க்ல இருந்து மெசேஜ் வந்தப்புறம் வண்டிய எடுங்க, அவரு காட்டுற ஸ்க்ரீன்ஷாட்ட பாத்து எடுக்காதீங்க.

எத்தன பேரு, எந்தப் பக்கம் பாக்குறீங்கன்னு சொல்லுங்க, எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்.